டெர்மினல் சர்வரின் வெர்ஷனைப் படிப்பது எப்படி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள் என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய பெட்டியை. அதன் பெயர் டெர்மினல் சர்வர். பெயர்தான் சர்வர், உள்ளே ஹார்ட் டிஸ்க் கூடக் கிடையாது. ஒரு பக்கம் எட்டு அல்லது பதினாறு சீரியல் போர்ட், மறுபக்கம் ஒரு ஈதர்நெட் ஒயர்.

நம் தொட்டியத்துக்காரர்களுக்கு ரயில் என்றால் முசிறிப் பாலம் தாண்டிக் குளித்தலை. ரயில்வேயின் கணிப்பொறி முன்பதிவு 1985-இல் புது தில்லியில் தொடங்கியது. பிறகு 1994-இல் செகந்திராபாத்தில் 'கான்சர்ட்' மென்பொருள் வந்து, 1999-இல் ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. பெரிய கணிப்பொறி எங்கோ இருக்கும். கவுன்டரில் இருந்தது வெறும் திரையும் கீபோர்டும்தான். இப்படிச் சொந்த மூளை இல்லாத திரைகளைக் கணிப்பொறியோடு சேர்த்துவைக்கப் பிறந்ததுதான் டெர்மினல் சர்வர். பின்னால் மோடம் போட்டு டயல் செய்த காலத்தில், எதிர்முனையில் அழைப்பை எடுத்ததும் இந்த ஜாதிப் பெட்டியேதான்.

சரி, வெர்ஷனுக்கு வருவோம். டிஜிட்டல் கம்பெனியின் டெக்சர்வர் 200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'ஷோ சர்வர்' என்று தட்டினால், "டெக்சர்வர் 200 டெர்மினல் சர்வர் வி3.1 (பிஎல்37) - லாட் வி5.1" என்பது மாதிரி ஒரு வரி வரும். கூடவே ராம் இல்லை, 'ரோம்' என்று தனியாக இன்னொரு எண். புதுசாகப் பார்க்கிறவன் 3.1 என்று மட்டும் எழுதிக்கொண்டு போய்விடுவான். ஆனால் அங்கே இருப்பது நாலு சங்கதி. 3.1 என்பது மென்பொருளின் வெர்ஷன். பிஎல்37 என்பது அதை எத்தனையாவது அடுக்காகக் கட்டினார்கள் என்பது. லாட் 5.1 என்பது கணிப்பொறியோடு பேசும் பாஷையின் வெர்ஷன். ரோம் எண், பெட்டிக்குள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் சிப்புக்கு உரியது.

சிப்பில் இருப்பது கொஞ்சம்தான். கரண்ட் வந்ததும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். பிறகு ஈதர்நெட்டில், "யாராவது எனக்குச் சோறு போடுங்கப்பா" என்று கூப்பிடும். மாப் என்று அந்த முறைக்குப் பேர். நெட்வொர்க்கில் அந்த ஃபைலை வைத்திருக்கிற கணிப்பொறி எதுவோ அது பதில் சொல்லும். யார் முதலில் பதில் சொன்னார்களோ அவர்களிடம் வாங்கிச் சாப்பிட்டுவிடும். நீ யார், உன்னை நம்பலாமா என்று கேட்கிற பழக்கம் அதற்குக் கிடையாது.

இங்கேதான் வேடிக்கை. இரண்டு கணிப்பொறிகளில் ஃபைல் இருக்கிறது, ஒன்றில் மட்டும் புதுசு போட்டீர்கள் என்று வையுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு பெட்டி புதுசில் எழுந்திரிக்கலாம். அடுத்த தடவை பழசில் எழுந்திரிக்கலாம். "நேத்து நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்று ஆபரேட்டர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பெட்டியைக் கழற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. ஃபைல் எங்கெங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

இன்னொன்று. வெர்ஷன் மாற்றினால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. டெக்சர்வர் 200-க்கு லாட் மட்டும்தான் தெரியும். என்ன போட்டாலும் டெல்நெட் வராது. லாட்டோ ரூட்டரைத் தாண்டாது. ஆனால் டெக்சர்வர் 300-க்கு இரண்டாம் வெர்ஷனில் டெல்நெட் வந்தது. ஆக முதலில் மாடல், அப்புறம்தான் வெர்ஷன்.

சிஸ்கோ 2511 வேறு ரகம். பதினாறு போர்ட், மென்பொருள் உள்ளேயே ஃபிளாஷில் இருக்கும். 'ஷோ வெர்ஷன்' தட்டினால் தொடக்கச் சிப்பின் வெர்ஷன் ஒன்று, அவசரத்துக்கு எழுப்பும் சின்ன மென்பொருளின் வெர்ஷன் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் ஐஓஎஸ் வெர்ஷன் ஒன்று என மூன்றும் வரும். இந்த மாடல் ஃபிளாஷிலிருந்தே நேரடியாக ஓடுகிறது. உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்ட முடியுமா? அதனால் முதலில் சின்ன மென்பொருளில் எழுப்பி, அதற்குப் பிறகுதான் பெரியதை மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் கரண்ட் போனால்... மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்கள் அடிக்கடி கேட்பது: 12.3(9) பெரியதா, 12.3(10) பெரியதா? பத்துதான் பிந்தியது. தசமக் கணக்கு இங்கே செல்லாது.

இதெல்லாம் அருங்காட்சியகச் சமாசாரம்தானே என்று பின்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார். டிஜிட்டல் கம்பெனியை 1998-இல் காம்பாக் வாங்கியது, காம்பாக்கை 2002-இல் ஹெச்.பி. வாங்கியது. எல்லாம் உண்மை. ஆனால் சீரியல் போர்ட் மட்டுமே உள்ள கருவிகள் ஆலைகளிலும் துணை மின்நிலையங்களிலும் இன்னும் ஓடுகின்றன. அவற்றை நெட்வொர்க்கில் சேர்ப்பவை இந்தப் பெட்டியின் பேரன்மார்தாம்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோகக் கம்பெனிகளுக்குள் புகுந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரேக்கர்களைத் திறந்து சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்குக் கரண்டை நிறுத்தினார்கள். அதோடு விடவில்லை. துணை மின்நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் பெட்டிகளின் ஃபர்ம்வேரை அழித்துக் குப்பையை எழுதினார்கள். தொலைவிலிருந்து திரும்ப இயக்க வழியில்லாமல் போயிற்று. ஊழியர்கள் நேரில் போய்க் கையால் சுவிட்சைப் போட்டுச் சில மணி நேரத்தில் கரண்டைக் கொண்டுவந்தார்கள். கெட்டுப்போன பெட்டிகளை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் மாடல், ரோம், மென்பொருள் எண்கள், ஃபைல் எங்கே இருக்கிறது என்பது வரை எழுதுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலின் நகலை வேறு இடத்திலும் வையுங்கள். கம்பெனியே மூடிவிட்டபின் யாரிடம் போய்க் கேட்பது? டெல்நெட்டில் பாஸ்வேர்டு அப்படியே திறந்தபடி போகும்; அதனால் பழைய பெட்டிகளைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து வையுங்கள். புது வெர்ஷன் போடும் நாளில் பெட்டியின் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.

எங்கேயாவது பழைய டெக்சர்வர் தூசி படிந்து கிடந்தால் காயலான் கடைக்குப் போடாமல் நம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று முன்னாள் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஃபைலும் சேர்த்து.