அந்த அரை மணி நேரம்

(தொழிலாளர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



"ஓய்வு பெற இரண்டு வருடம்தானே, சாமி! இனி உடம்பைத் திருத்தி என்ன ஆகப்போகிறது?" என்று நம் அன்பர்கள் கேட்பதுண்டு.

அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்றவர்கள், வாரம் 150 நிமிடம் நடப்பது, எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பது என்று முயன்றார்கள். வியாதி வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 31தான். அறுபதைத் தாண்டி நடந்தவர்களிடமோ 71 சதவீதம்!

ஜப்பானில் 2008 முதல் நாற்பது வயதான ஊழியருக்கு இடுப்பை அளந்து ஆலோசனை சொல்கிறார்கள். (என்னை அளந்தால் நாடா போதாது!) ஆனால், அளந்தால் மட்டும் தொந்தி கரையுமா? நேரம் வேண்டாமா? வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி. கணக்கு சரியாக 150.

தொழில் நடத்துவோரும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். மாலையில் தேநீரோடு வடை தருகிறீர்களே, வடைக்குப் பதிலாக வேலை நேரத்திலேயே அந்த அரை மணியைத் தாருங்கள்.