பதக்கத்தில் பெயர் மட்டும்தான் இருக்கும்

(தேசியக் கடல்சார் தினத்தையொட்டி நம் சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சாமர்த்தியக்காரப் பிள்ளையைப் பார்த்து, "சரியான எம்டன்!" என்போம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது. உயர் நீதிமன்ற மதிலில் அதற்குக் கல்வெட்டும் உண்டு. சுட்ட கப்பலின் பெயர் 100 வருஷம் தாண்டியும் நம் நாக்கில் இருக்கிறது. அந்த யுத்தத்தில் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்துக் கடலோடு போன நம் நாட்டு மாலுமிகளின் பெயர் யாருக்காவது தெரியுமா?

'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இவர்கள் சிப்பாய்கள் அல்ல. கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள், தளம் கழுவியவர்கள், சமைத்தவர்கள். கல்கத்தாவில் கங்கைக் கரையோரம் 1924-இல் திறக்கப்பட்ட நினைவகம், வங்காளம், அசாமைச் சேர்ந்த 896 பேருக்காக எழுந்தது. மும்பை மஸ்ஜித் பந்தரில் உள்ள நினைவகத்தில் முதல் யுத்தத்தில் மாண்ட 2,000-க்கும் மேற்பட்ட கடலோடிகளின் பெயர்கள் உள்ளன. இரண்டாம் யுத்தத்தில் மாண்ட 6,000-க்கும் அதிகமானோரின் பெயர்கள் கல்லில் இல்லை. ஒரு புத்தகத்தில் இருக்கின்றன.

முதல் யுத்தத்துக்குப் பின் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கென்றே ஒரு வெண்கலப் பதக்கம் வந்தது. 1,33,135 பதக்கங்கள் வழங்கப்பட்டன. அலையில் தத்தளிக்கும் நீராவிக் கப்பலும், முன்னே மூழ்கும் நீர்மூழ்கியும் அதில் இருக்கும். நாடாவின் பச்சை, வெள்ளை, சிவப்பு ஆகியவை கப்பலின் வலப்பக்க விளக்கு, பாய்மர உச்சி விளக்கு, இடப்பக்க விளக்கு. விளிம்பில் மாலுமியின் பெயர் மட்டும்தான். கப்பலும் ஊரும் இல்லை. இரண்டாம் யுத்தத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளுக்குத் தந்த பதக்கங்களில் பெயர்கூடப் பொறிக்கவில்லை. அதையும் விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இப்படி ஏதாவது இருந்தால், பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எடைக்கும் போடாதீர்கள். அந்தக் காலத்து வெள்ளிப் பதக்கங்கள் எத்தனையோ இப்படித்தான் உருகிப் போயின. விளிம்பைப் படம் எடுங்கள். அவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கப்பல், வீட்டில் பெரியவர்கள் சொன்ன கதை, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை.

கடலில் போனவருக்குச் சமாதி கிடையாது. அவர் யார் என்று சொல்ல அந்தத் தாள்தான் இருக்கும். பாட்டிமார் இருக்கும்போதே இந்த வாரம் கேட்டு எழுதிவிடுங்கள்.