தாளம் தவறிய இதயம்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஓர் இதய மருத்துவர் ஆற்றிய உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். நான் சொல்ல வந்த நோய் அந்த வயதைத்தான் அதிகம் நாடுகிறது.

மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். நாடி சீராக அடிக்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கண்டவருக்கு அது ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும், எந்தக் கணக்குக்கும் அடங்காமல் அடிக்கும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 45 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். கோளாறைக் கிளப்பும் மின்பொறிகளில் 94 சதவீதம், நுரையீரலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் பிறப்பதைக் கண்டார்கள். வழி திறந்தது. தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழலைச் செலுத்தி, அச்சிரைகளின் வாயைச் சுற்றிச் சுட்டோ, உறைய வைத்தோ தழும்பாக்குகிறோம். தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. வெள்ளம் வராமல் வயலுக்கு வரப்புப் போடுவது போல. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

விட்டுவிட்டு வரும் நோய்க்கு இது நன்கு பலிக்கிறது. ஓராண்டுக்கு மேல் ஓயாமல் நீடித்துவிட்டால் கதை வேறு. மேலறை விரிந்து, சுவரில் நார்த்திசு படர்ந்து, வரப்புக்கு உள்ளேயே ஊற்றுக் கிளம்பிவிடுகிறது. அப்படியானால் இன்னும் பல இடங்களில் சுட்டால் என்ன? மருத்துவ உலகமும் அப்படித்தான் எண்ணியது. 2015இல் வெளிவந்த ஸ்டார் ஏ.எஃப். இரண்டாம் ஆய்வில், நோய் விடாது பற்றிய 589 பேரிடம் இதைச் சோதித்தார்கள். கூடுதலாகச் சுட்டதால் பலன் கூடவில்லை. சிரைகளை மட்டும் தடுத்தவர்களில் 18 மாதம் சென்றும் நூற்றுக்கு 59 பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்களுக்குத் திரும்பியது. சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய நேரும். அபூர்வமாக, சிகிச்சையின்போதே இதயத்தைச் சுற்றி இரத்தம் கசிவதும் உண்டு. இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

என்னைக் கவலைப்பட வைப்பது இன்னொன்று. "டாக்டர், நாடி சரியாகிவிட்டது, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று மகிழ்ச்சியோடு வந்து சொல்கிறார்கள். ஐயா, நிறுத்தாதீர்கள்! சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு மூன்று மாதம் எல்லோருக்கும் அது வேண்டும். அதற்குப் பின் வேண்டுமா என்பதை முடிவு செய்வது வயது, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் இவைதாம், நாடி அல்ல. அந்த முதல் மாதங்களில் படபடப்பு வந்தால் சிகிச்சை தோற்றுவிட்டதாக எண்ணி மனம் உடையவும் வேண்டாம்.

உடல் எடை, மது, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை, இம்மூன்றையும் சரிசெய்யாவிட்டால் நாங்கள் போட்ட வரப்பு நிலைப்பது கடினம். குறட்டையைப் பற்றி நோயாளியைக் கேட்டுப் பயனில்லை. அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

ஈ.சி.ஜி. கருவி கொண்டுவந்திருக்கிறேன். நாடியில் சந்தேகம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பள்ளிக்கூட வராந்தாவுக்கு வாருங்கள்.