தண்ணீர் இல்லாத குழி



காரைநகர்ப் பிள்ளைகளுக்கு யோசேப்பின் கதை சொல்வது எனக்குச் சுலபம். எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது உவர், கோடையில் எது முதலில் வற்றும் என்று வாளி பிடிக்கும் வயதிலேயே நாங்கள் படித்துவிடுகிறோம். பவுசர் வரும் நாளில் கான்களோடு வரிசையில் நின்றவர்கள் இந்தப் பட்டமளிப்பு மண்டபத்தில் எத்தனை பேர்! அண்ணன்மார் யோசேப்பைத் தள்ளிவிட்ட குழியில் தண்ணீர் இல்லை என்று ஆதியாகமம் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறது. அதற்கு அடுத்ததாக இன்னொன்றும் இருக்கிறது. தம்பி குழிக்குள் கிடக்க, அவர்கள் மேலே சாப்பிட உட்கார்ந்தார்கள். என்னை உலுக்குவது அந்தச் சாப்பாடுதான்.

1998இல் வெளிநாடு அனுப்புகிறேன் என்று ஒருவர் எங்களிடம் காசு வாங்கினார். அம்மாவின் தாலிக்கொடி அடைவு கடையில் இருந்தது. கொழும்பில் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் ஏழு மாதம் காத்திருந்தேன். காசு வாங்கியவர் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து பாட்டுப் பாடியவர். கடைசியில் காசும் இல்லை, ஆளும் இல்லை. “எல்லாம் ஆண்டவர் சித்தம், தம்பி” என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மீதும் எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இன்றும் சொல்கிறேன், துரோகம் செய்தவனின் கணக்கைக் கடவுளின் பெயரில் எழுதக் கூடாது. யோசேப்பும் எழுதவில்லை. நீங்கள் எனக்குத் தீமைதான் நினைத்தீர்கள் என்று அண்ணன்மாரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான், அதையே கடவுள் நன்மையாக்கினார் என்றார்.

அப்படியொரு குழி எங்கள் பக்கத்திலும் இருந்தது. பொன்னாலைப் பாலம் தாண்டினால் வட்டுக்கோட்டை. அங்கே 1823இல் அமெரிக்க மிஷன் ஒரு செமினரி தொடங்கியது. தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்த இடம். முதல் தலைவர் டானியல் புவர். முப்பத்திரண்டு வருடம் கழித்து, 1855இல், மிஷனே அதை மூடியது. ஆங்கிலம் படித்த பெடியள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், தாய்மொழிப் படிப்புப் போதும் என்பது பொஸ்டனிலிருந்து வந்த மிஷன் செயலாளர் ரூபஸ் அண்டர்சனின் கட்சி. மிஷனை நம்பிப் பிள்ளைகளை விட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அதே வருடம் புவர் கொலராவில் இறந்தார்.

இரண்டு வருடம் கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவர்: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் மூடப்பட்ட அந்த வட்டுக்கோட்டைப் பள்ளியின் பிள்ளைகள். உங்கள் தோளில் கிடக்கும் இந்தக் கறுப்பு அங்கிக்கும் அவர்களுக்கும் ஒரு சொந்தம் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. தாமோதரம்பிள்ளை சைவர். மிஷன் எதிர்பார்த்தது போதகரை. கிடைத்தது தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியர். ஈழத்துச் சிதம்பரம் சிவன் கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்த ஊர்க்காரன் நான், அதைத் தோல்வி என்று சொல்ல என் வாய் வராது. கடவுளின் நோக்கத்தை நம்புகிறேன் என்கிறவன், அது தன் திட்டத்தின் நகலாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது.

மூடிய பள்ளியின் இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழ 1872 ஆனது. பதினேழு வருடம். பழைய மாணவர்களும் ஊர்க் கிறிஸ்தவர்களும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினேழு வருடத்தில் ஏதாவது ஒரு வருடத்தில் போய், இதன் நோக்கம் என்ன என்று கேட்டிருந்தால் ஒருவருக்கும் பதில் தெரிந்திராது. எகிப்தில் சிறையில் கிடந்த யோசேப்பையும், அவரோடு அங்கே இருந்து விடுதலையான பானபாத்திரக்காரன் முழுதாக இரண்டு வருடம் மறந்துபோனான். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி வேதத்தில் ஒரு சம்பவமும் இல்லை. அவர் சிறையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

லொட்ஜில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பக்கத்து அறைப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஓ.எல். கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். சோக்குக் கட்டி இல்லை. குளியலறைக் கதவின் பின்புறம் கரியால் எழுதினோம். அப்படித்தான் வாத்தியார் ஆனேன்.

காசு வாங்கி ஏமாற்றிய அந்த மனிதரை மன்னித்துவிட்டீர்களா என்று என் மகள் கேட்பாள். யோசேப்பும் அண்ணன்மாரைக் கண்டவுடனே கட்டிப்பிடிக்கவில்லை. கடைசித் தம்பியின் சாக்கில் வெள்ளிக் கிண்ணத்தை வைத்து, இவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தார். அதற்குள் இரண்டு தடவை ஒதுங்கிப்போய் அழுதும் இருக்கிறார். நான் இன்னும் யோசேப்பு ஒதுங்கி அழுத அந்த அறைக்குள்தான் நிற்கிறேன், பிள்ளை, என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.