காற்றுள்ளபோதே தூற்றுவோம்

(புதுக்கோட்டையில் ஆற்றிய உரையிலிருந்து)



2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. ஆலங்குடியிலே, கீரமங்கலத்திலே, வடகாட்டிலே, பிள்ளைகளைப்போல் வளர்த்த தென்னைகளை வேரோடு சாய்த்தது. மின்கம்பங்கள் முறிந்தன, ஊர்கள் இருண்டன. அந்தக் காற்றா நமக்கு விளக்கேற்றும் என்று கேட்பீர். ஏற்றுகிறது, தோழர்களே, இன்றும் ஏற்றுகிறது!

தென்மேற்குப் பருவத்தின் மழையை மேற்கு மலைத்தொடர் மறித்துக்கொள்கிறது. கேரளம் நனைகிறது, நமக்கு வருவது ஈரம் இழந்த காற்று. ஆனால், வேகம் இழக்காத காற்று! பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களிலே நெருக்குண்டு சீறி வருகிறது. நம்மை வாட்டிய அந்தக் காற்றையே முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் வேலைக்கு அமர்த்தினோம். 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறிதாய்த் தொடங்கிய முயற்சி, இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. பாலைவனத்து ஜெய்சல்மேரிலும் மணலுக்கு நடுவே காற்றாலைகள் சுழல்கின்றன. மண் வறண்டால் என்ன? மதி வறளவில்லையே!

கணவாய் இல்லாத புதுக்கோட்டைக்கு இதனால் என்ன என்பீரோ? வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று வீசும் காலம். வானம் பார்த்த நம் உழவன், ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை நம்பி நிற்பதும் அந்தக் காலத்திலேதான். முப்பந்தலில் சுழலும் இறக்கை, கம்பி வழியே வந்து நம் கடலைக் கொல்லைக்கு நீர் இறைக்கும்!

ஆனால் குறை இருக்கிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால், அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். உயரத்தில் வேகம் மிகுதி. அப்படியிருக்க, காற்று வளம் கொழிக்கும் இடங்களிலே, பழைய காலத்துக் குட்டை எந்திரங்கள் குடியிருக்கலாமா? காற்று பெருகும் நாளில், ஏற்கக் கம்பியில்லை என்று காற்றாலையை நிறுத்தச் சொல்லலாமா? விளைந்த நெல்லைக் களத்திலேயே மட்கவிடுவதன்றோ அது!

வழியும் நம்மிடமே உண்டு. கோவை மாவட்டத்துக் கடம்பாறையிலே, மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலணைக்கு ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். காற்றைக் கட்டிவைக்க முடியாது. காற்றின் உழைப்பைச் சேர்த்துவைக்க முடியும்!

ஆகவே கேளுங்கள்: குட்டை எந்திரங்கள் நின்ற இடத்தில் நெடிய எந்திரங்கள் வேண்டும், மின்சாரத்தைச் சுமக்கக் கம்பித் தடங்கள் வேண்டும், சேர்த்துவைக்க இன்னும் பல கடம்பாறைகள் வேண்டும். நிலம் தந்த ஏழைக்கு நியாயமான விலை வேண்டும். காற்று எவர் வீட்டுச் சொத்தும் அன்று. அதன் பயன் எல்லார் வீட்டுக்கும் வந்தாக வேண்டும்!