அச்சுப்பொறியும் அயற்கம்பியும்



நீங்கள் மத்திய அலையில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கும்போது அடுக்களையில் யாரேனும் அரைக்கும் இயந்திரத்தை இயக்கினால், பேச்சினிடையே ஒரு கரகரப்புப் புகுவதை அறிவீர்கள். பேசுபவரும் பிழை செய்யவில்லை. வானொலிப் பெட்டியும் பழுதுபடவில்லை. இரண்டிற்கும் நடுவே அழையா விருந்தாளி ஒருவன் நுழைந்துவிட்டான். அவ்விருந்தாளி அலுவலகங்களுக்குள்ளும் நுழைந்து, குற்றமற்றவர்மீது பழி விழச் செய்வதுண்டு. என் சொந்த அனுபவமே இதற்குச் சான்று.

வீரமுனையில் வாழும் நான் தமிழும் வரலாறும் கற்ற கலைப் பட்டதாரி. மின்னியல் கற்றவன் அல்லன். நான் அதிபராகக் கடமையாற்றிய பாடசாலையில், அலுவலகக் கணினிக்கும் மறு கட்டடத்து அச்சுப்பொறிக்கும் இடையே 40 மீற்றர் நீளமான வலையமைப்புக் கம்பி பொருத்தப்பட்டிருந்தது. தவணைப் பரீட்சைக்கு இரண்டு நாட்களே இருந்த வேளையில், வினாத்தாள்கள் அரைகுறையாய் நின்றன. “இணைப்பு இல்லை” என்று கணினி அறிவித்தது. சற்று நேரத்தில் தானாகவே சீரடைந்தது, மீண்டும் நின்றது. அலுவலக உதவியாளரான இளைஞரை அழைத்து, “தம்பி, உமது கவனக்குறைவே இதற்குக் காரணம்” என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவர் தலைகுனிந்து நின்றார்.

மறுநாள், தண்ணீர் இறைக்கும் பணியாளரான முதியவர் என்னிடம் வந்து, “சேர், நான் மோட்டரைப் போடுகிற நேரத்தில்தான் தாள் நிற்கிறது, மோட்டரை நிறுத்தினால் வருகிறது” என்றார். “காக்கா சொல்வது சரிதானா பார்ப்போம், சேர்” என்று அவ்விளைஞர் மூன்று முறை சோதித்தார். மூன்று முறையும் அவ்வாறே நிகழ்ந்தது.

காரணம் யாது? மின்னோட்டம் செல்லும் கம்பியைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகும் என்பதை 1820 இல் ஏர்ஸ்டெட் கண்டார். மாறும் காந்தப் புலம் அயலிலுள்ள கம்பியிலும் மின்னை எழுப்பும் என்பதை 1831 இல் பரடே நிறுவினார். எங்கள் நாட்டு மின்சாரமோ நொடிக்கு 50 முறை அலைவது. மோட்டர் இயங்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் அதில் திடீர் அதிர்ச்சிகளும் எழும். எங்கள் வலையமைப்புக் கம்பியும் மோட்டரின் மின்கம்பியும் ஒரே குழாயினுள் அருகருகே கிடந்தன.

ஆயினும் வலையமைப்புக் கம்பிக்குத் தற்காப்பு உண்டு. அதனுள் எட்டு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு, நான்கு சோடிகளாய் இருக்கும். தொலைபேசி கண்ட கிரகம் பெல், இம்முறுக்கு முறைக்கு 1881 இல் காப்புரிமை பெற்றார். ஓர் இழையில் 5, மற்றதில் 3 என்று கொள்வோம்; வேறுபாடு 2. வெளியிரைச்சல் இரண்டிலும் 4 ஐக் கூட்டினால் 9 உம் 7 உம் ஆகும். வேறுபாடு அதே 2. பெறும் கருவி வேறுபாட்டையே நோக்குவதால் இரைச்சல் ஒழிந்துவிடும். முறுக்கப்பட்ட இருவரும் இன்பதுன்பத்தைச் சமமாய்ப் பகிர்வதே இதன் இரகசியம்.

எங்கள் கம்பியிலோ அத்தற்காப்புக் குலைந்திருந்தது. முனையிலுள்ள எட்டு ஊசிகளில் 1, 2 ஒரு சோடிக்கும், 3, 6 மற்றொரு சோடிக்கும் உரியவை. பொருத்தியவர் சோடிகளை வரிசையாகவே அடுக்கிவிட்டமையால், 3 இல் ஒரு சோடியின் இழையும் 6 இல் வேறொரு சோடியின் இழையும் அமைந்தன. சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காகவே எரிந்தன. முனைகள் இணைந்துள்ளன என்பதையே அது காட்டும், துணைகள் பிரிந்துள்ளன என்பதைக் காட்டாது. இரைச்சல் மிகுந்தபோது செய்திப் பொதிகள் சிதைந்தன. சிதைந்தவற்றைக் கருவி தள்ளிவிட, அச்சுப்பொறி வாளாவிருந்தது.

கணினிகளை இணைக்கும் ஈதர்நெற் முறையை 1973 இல் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் றொபேட் மெற்காஃப் வகுத்தபோது, பல கணினிகளை ஒரு லேசர் அச்சுப்பொறியுடன் இணைப்பதே அவர்முன் இருந்த பணிகளுள் ஒன்று. ஆகவே எங்கள் சிக்கல் அம்முறையின் பிறப்போடு ஒட்டியதே.

இத்தகைய தொல்லை நேருமிடத்து, முதலில் அச்சுப்பொறியைக் கொண்டே அதன் சோதனைத் தாளை அச்சிடுக. அது வந்தால் பொறி பழுதன்று. அடுத்து, குறுகிய புதுக்கம்பியால் கணினியை அதன் அருகே வைத்து இணைத்துப் பார்க்க. அதுவும் செயற்பட்டால் பிழை நெடுங்கம்பியிலே. எந்நேரத்தில், எது இயங்கும்போது நிற்கிறது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. கம்பி 100 மீற்றரை விஞ்சலாகாது. மின்கம்பியோடு ஒரே குழாயில் செல்லலாகாது. கடக்க நேரின் குறுக்காகக் கடத்தல் வேண்டும். கரையோர ஊர்களில் உப்புக்காற்று முனைகளை அரிப்பதையும் கவனித்தல் நன்று. 230 வோல்ற்று மின்கம்பியை நாமே தொடாது, தகுதி பெற்ற மின்னியலாளரையே அழைத்தல் வேண்டும்.

அவ்வாறே கம்பியைப் பிரித்து, முனைகளைத் திருத்தி அமைத்தோம். பரீட்சை குறித்த நாளில் நடைபெற்றது. ஆயினும் திருத்த வேண்டியது இன்னொன்று இருந்தது. எவர் முன்னிலையில் அவ்விளைஞரைக் கடிந்தேனோ, அவர்கள் முன்னிலையிலேயே, “தம்பி, பிழை என்னுடையது” என்றேன். ஆராயுமுன் தீர்ப்புக் கூறிய இரைச்சல் என் உள்ளத்தில் எழுந்தது. அதனை நீக்கியவர், பட்டம் பெறாத, ஆனால் கண் திறந்திருந்த ஒரு முதியவர். பழுதைத் தேடும் வேளையில் ஆளைத் தேடாது காரணத்தைத் தேடுவோமாக.