உப்புநீரில் எரிந்த விளக்கு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று எங்கள் பிள்ளைகள் டோல்கீன் படைத்த மாய உலகத்தைத் திரையில் பார்த்து வளர்கிறார்கள். குள்ளர்கள், நடக்கும் மரங்கள், புதையலைக் காக்கும் தீநாகம், அழித்தே ஆகவேண்டிய ஒரு மோதிரம். வெறும் பொழுதுபோக்கு என்று அதை நாங்கள் ஒதுக்குவதில்லை. அதை எழுதியவர் 1916 இல் பிரான்சின் சொம் போர்முனையில் நின்றவர். பேனால் பரவும் அகழிக் காய்ச்சல் பிடித்து ஊர் திரும்பியவர். நெருங்கிய நண்பர்களைப் போரில் பறிகொடுத்தவர். பங்கருக்குள் இருந்து பாடம் படித்த எங்களுக்கு அந்த மனிதரை விளங்கிக்கொள்வது கடினமல்ல.

அப்படியொரு உலகம் எங்களிடமும் உண்டு. சிலப்பதிகாரத்தைப் பரீட்சைக்காகப் படித்தோம். ஆனால் ஈழத்துக் கோயில்களில் பாடப்படும் கண்ணகி வழக்குரை வேறு விதமான கதை. அங்கே கண்ணகி மாங்கனியில் பிறக்கிறாள். அவளுடைய சிலம்புக்கு நாகமணி வேண்டும் என்று மீகாமன் கப்பலேறி வருகிறான். வழியில் வெடியரசனோடு பெரும்போர் மூளுகிறது. நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை என்று இன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். முல்லைத்தீவிலே கோவலன் கூத்து விடியவிடிய ஆடப்பட்டது.

மதுரை எரிந்த பிறகு, சிலப்பதிகாரத்துக் கண்ணகி சேரநாடு போய் விண்ணுலகம் ஏறுகிறாள். எங்கள் ஊர்க்கதையில் அவள் விண்ணுக்குப் போகவில்லை. கோபம் தணியாமல் கடல் கடந்து வந்து, ஊரூராகத் தங்கி, பத்தாவது இடமாக நந்திக்கடல் ஓரத்தை அடைந்தாள். அந்தப் பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள்.

அங்கே அவள் ஒரு கிழவியாக, மாடு மேய்த்த சிறுவர்களிடம் வந்து பசிக்கிறது என்றாள். பிள்ளைகள் குழை வெட்டிக் கொட்டில் போட்டு, பாற்புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை அள்ளி விளக்கேற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. பிறகு, தலை கடிக்கிறது, பார்த்துவிடுங்கள் என்றாள். பேன் பார்க்க மயிரை விலக்கிய பிள்ளைகள் தலை முழுவதும் ஆயிரம் கண்களைக் கண்டார்கள். கிழவி மறைந்துபோனாள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முதல் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கேற்றுகிறார்கள்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்குத் தவமிருந்தோம். ஜாம் போத்தல் விளக்கில், சொட்டுச் சொட்டாய் மிச்சம்பிடித்து, சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தோம். கடல்நீரில் விளக்கெரிந்த கதையை அம்மம்மா சொன்னபோது எங்களுக்கு அது பழங்கதையாகப் படவில்லை. எங்களுக்கும் அப்படி ஒரு வாளி கிடைக்காதா என்றுதான் ஏங்கினோம்.

மருத்துவர்களான பிறகு அந்தக் கதையின் இன்னோர் இடம் எங்களைப் பிடித்துக்கொண்டது. தலையிடி என்று கிளினிக்குக்கு வரும் தாய்மாரைப் பார்க்கிறோம். பிறசர் பார்க்கிறோம், ஸ்கான் எடுக்கிறோம், குளிசை எழுதுகிறோம். எல்லாம் சரியாக இருக்கிறது. தலையிடி மட்டும் போகவில்லை. இன்னும் பத்து நிமிடம் இருந்து கேட்டால் மகனின் பெயர் வருகிறது. 2009 மே மாதத்தில், அதே நந்திக்கடல் ஓரத்தில், எந்தக் கையை எப்போது விட்டார் என்ற விபரம் வருகிறது. பேன் என்று நினைத்துப் பார்த்த இடத்தில் கண்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கண்ட கண்கள்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களுடன் தெருவோரம் அமர்ந்த தாய்மாரும் அப்படித்தான். கண்ணகி கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது. இவர்கள் கையில் ஒரு படம். கேள்வி ஒன்றுதான்.

டோல்கீனின் கதையில் மோதிரம் எரிமலையில் கரைந்ததும் தீமையின் வலிமை முறிகிறது. எங்கள் கதையில் நகரமே எரிந்த பிறகும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. ஒருபிடி புக்கை கொடுத்து, தலையைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகளிடம்தான் ஆறினாள். நீதி கிடைத்துவிட்டது என்று கதை சொல்லவில்லை. நீதி வரும்வரை அவளைப் பட்டினியாகவும் தனியாகவும் விடக்கூடாது என்றுதான் சொல்கிறது. சிங்கள மக்களும் அவளைப் பத்தினி தெய்யோ என்று வணங்குகிறார்கள். இந்தக் கதையை அவர்களுக்கும் நாங்கள் சொல்லலாம்.

சங்கத்திடம் எங்கள் வகுப்பின் சார்பில் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒவ்வொரு மாணவியும் தன் அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ இந்தக் கதையைக் கேட்டு, அவர் சொன்ன பேச்சிலேயே ஒரு கொப்பியில் எழுதட்டும். ஊருக்கு ஊர் கதை மாறும், மாறியபடியே எழுதுங்கள். கதை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். அதன் பிறகும் அவர் பேசினால், அதையும் கேளுங்கள். அந்தக் கொப்பிகள் எங்கள் நூலகத்தில், டோல்கீனின் புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.